கண்டன அறிக்கையில் ஒரு சதுக்கம்

நவம்பர் 4
அம்மான் நகரில் குளிர் வந்துவிட்டது. இன்று மூன்று அறிக்கை எழுதினேன். பதினொரு வருடமாக இந்தப் பிராந்தியக் கூட்டமைப்பில் எனக்கு இதே வேலைதான். எல்லைக்கு அப்பால் குண்டு விழும், நாங்கள் கண்டிப்போம். பத்துப் பேருக்குள் செத்தால் ‘கவலை’. அதற்கு மேல் ‘ஆழ்ந்த கவலை’. பள்ளிக்கூடம் என்றால் ‘கண்டனம்’. யார் போட்டார்கள், எந்தத் தெருவில் விழுந்தது என்று மட்டும் எழுதக் கூடாது. இயக்குநர் அபூ குதைபாவின் சட்டம்.

நவம்பர் 6
தம்பி மிஸ்பாஹ் போன் செய்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் எடுத்து, அங்கேயே வாத்தியாராக இருப்பவன். கிளம்பி வாடா என்றால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

“என்னக்கா, இன்னிக்கு எங்களுக்கு வெறும் கவலையா, ஆழ்ந்த கவலையா?”

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. காலையில் ஊரே சூளைச் சதுக்கத்தில் ரொட்டிக்கு வரிசை நிற்கிறதாம். அதைச் சுற்றித்தான் குண்டு விழுகிறதாம்.

“அறிக்கையில பேரு வந்த இடத்துல கொஞ்ச நாளைக்குப் போட மாட்டாங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. ஒரே ஒரு தடவை சதுக்கத்தோட பேரைப் போடுக்கா.”

அப்படியெல்லாம் நடக்குமா? எனக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?

நவம்பர் 8, வெள்ளி
அபூ குதைபா வீட்டுக்குப் போனேன். கசப்புக் காபி ஊற்றிக் கொடுத்தார். வாங்கி, குடிக்காமல் எதிரில் வைத்தேன். பெண் கேட்டு வருபவர்கள் செய்வது; கேட்டதைத் தராமல் குடிக்க மாட்டேன் என்று அர்த்தம். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஏம்மா விதாத், பொண்ணு கேட்டா வந்திருக்கே? எங்க வீட்ல பொண்ணே இல்லையே!” என்றார் அபூ குதைபா.

சதுக்கத்தின் பெயரைப் போட வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “நீங்க யார் பக்கம்னு கேப்பாங்கம்மா. அப்புறம் நம்ம பேச்சை எவன் கேப்பான்?”

“இப்ப எவன் கேக்குறான்?”

வந்தவள் குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்கு அவமானம். அது தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகவும் இருந்தது.

“குடிம்மா. நீ கேட்டது ஆச்சு.”

ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தேன்.

நவம்பர் 10
அறிக்கை போய்விட்டது. ‘சூளைச் சதுக்கத்தில் ரொட்டிக்காக நிற்கும் பொதுமக்களைச் சுற்றி நடக்கும் தாக்குதலை வன்மையாகக் கண்டிக்கிறோம்.’ மிஸ்பாஹ் ஒரு வரி அனுப்பினான்: “அக்கான்னா அக்காதான்!”

நவம்பர் 12
இரண்டு நாளாக அங்கே குண்டு இல்லை. என்னாலா? பெருமையாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 13
காலை எட்டரைக்கு. சதுக்கத்திலேயே. ஐயோ.

மிஸ்பாஹ் போனை எடுக்கவில்லை. எடுடா. எடுடா பாவி.

நவம்பர் 14
உயிரோடு இருக்கிறான். அவன் மனைவி லமீஸ் போய்விட்டாள்.

குண்டுக்குப் பயந்து வீட்டிலேயே பட்டினி கிடந்தவர்கள்கூட அன்று வந்து நின்றார்களாம். “நான்தான்கா வீடு வீடாப் போய்ச் சொன்னேன். எங்கக்கா எழுதிட்டா, இனி தைரியமாப் போங்கன்னு. எப்பவும் நான்தான் ரொட்டிக்குப் போவேன். அன்னிக்கு அவளை அனுப்பினேன்.”

என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அறிக்கையில் நான் கேட்டுப் போடவைத்த பெயர்தானே அது.

நவம்பர் 15
விடுமுறை.

நவம்பர் 17
அலுவலகம் போனேன். அபூ குதைபா என் மேசைக்கே வந்தார். “இந்தத் தடவை ‘மிக வன்மையாக’ன்னே போட்டுக்கோம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” எழுதிக் கொடுத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மத்தியானம் ஒரு போன். மிஸ்பாஹ் ஊர்தான். முன்பின் தெரியாத பெண், பின்னால் குழந்தை அழுகிறது.

“வாத்தியாரோட அக்காவா? எங்க தெரு பேரையும் போடுங்கம்மா.”

“சதுக்கத்துல என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?” கத்திவிட்டேன்.

“தெரியும்மா. நடுவுல ரெண்டு நாள் சும்மா இருந்தாங்கல்ல? அது போதும். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிடுவோம்.”

தெருவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.