முழங்கால் தண்ணீர்

செப்டம்பர் 11, ஞாயிறு

பஸிலியோ போன் செய்தான். விவாகரத்தாகிப் பத்து வருடத்தில் அவனாகக் கூப்பிட்டது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் யாரோ செத்ததற்கு. அதனால் எடுத்த உடனே "யாரு போனது?" என்று கேட்டேன். யாரும் இல்லையாம். அக்டோபரில் ஒரு நாள் மீன் பிடிக்கக் காயலில் இறங்கலாமா, பழையபடி, என்றான். ரெட்ஃபிஷ் இந்த வருடம் நன்றாக இருக்கிறதாம். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? மத்தியானம் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு படகு சீட்டின் உறையை உள்வெளி மாற்றித் தைத்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 12, திங்கள்

பிரித்துத் தைத்தேன். அவனுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 17, சனி

மகள் யெசேனியா கார்பஸ் கிறிஸ்டியிலிருந்து வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் லீவு. அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. காபியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்பா திரும்பி வரணும்னு கேக்கப் போறாரு. வேற எதுக்கும்மா கூப்பிடுவாரு?"

மீன் பிடிக்க என்றேன். கூட வந்து மீன் பிடிக்க, அவர் இருக்கிற ஹார்லிஞ்சனில் அவருக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டாள். பெற்றவளை மடக்குவதற்கென்றே இவளைப் படிக்க வைத்தேன் போலிருக்கிறது.

"சரி, கேட்டா என்ன சொல்லுவே?"

அடுப்பில் கிடந்த டார்ட்டியா ரொட்டியைப் புரட்டினேன். கருகியிருந்தது.

செப்டம்பர் 20, செவ்வாய்

அலமாரிக்குப் பின்னாலிருந்து தூண்டில் கோலை எடுத்தேன். பிடியில் என் கட்டைவிரல் பதிந்த பள்ளம் அப்படியே இருக்கிறது.

இது வந்தது தொண்ணூற்றாறில். பஸிலியோ படகு மோட்டார் பழுது பார்க்கிறவன். ஹூஸ்டனிலிருந்து வந்துபோகும் ஒரு பல் டாக்டர் முதுகு வலியால் மீன்பிடியையே விட்டுவிட்டார். கோலை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் அப்போதெல்லாம் உயிர் இறாலைக் கோத்துப் போடுவதுதான் வழக்கம். கொக்கியில் இறகும் முடியும் கட்டி, அதை இறால் என்று மீனை நம்ப வைப்பது விடுமுறைக்கு வருகிறவர்களின் பைத்தியம். நாங்கள் சர்ச் மைதானத்தில் புல்லின்மேல் வீசிப் பழகினோம். பார்த்தவர்கள் எல்லாம் "என்ன, புல்லுல மாட்டிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்குக் கை வந்தது. அவனுக்குக் கண். அறுபதடி தள்ளிப் புல்லுக்குள் நிற்கும் மீன் அவனுக்குத் தெரியும். எனக்குக் காலடியில் நின்றாலும் தெரியாது. அதனால் இரண்டு பேருக்கும் ஒரே கோல். ஒருவர் வீச வேண்டும். மற்றவர் வலது தோளுக்குப் பின்னால் நின்று, நேர் எதிரே பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, மீன் எங்கே என்று சொல்ல வேண்டும். பத்து மணி, நாற்பதடி, இடப்பக்கம் போகிறது, பொறு, இப்போது. மீன் மாட்டினாலும், மிரண்டு ஓடினாலும் கோல் கை மாற வேண்டும். அதுதான் சட்டம். தன் முறை வரும்போது பாதி நாள் "நீயே போடு" என்பான்.

பிறகு இன்னொரு கோல் வாங்க முடியாமலா இருந்தது? வாங்கத் தோன்றவே இல்லை.

செப்டம்பர் 25, ஞாயிறு

ஏழு கொக்கி கட்டினேன். நான்கு இறால் மாதிரி, மூன்று நண்டு மாதிரி. கடல்புல்லில் சிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் முன்னால் கெட்டி நைலான் நரம்பில் ஒரு வளையம். முதல் மூன்றைப் பார்த்தால் நண்டுக்கே சிரிப்பு வரும். ஏழாவது பரவாயில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு கட்ட வேண்டியிருக்கிறது இப்போது.

அக்டோபர் 2, ஞாயிறு

திருக்கை முள்ளுக்காகக் கணுக்காலில் மாட்டுகிற கவசம் பழையது வெடித்துப்போய்விட்டது. தடித்த பிளாஸ்டிக் தகட்டை உள்ளே வைத்து, சீட்டுக்கு மிஞ்சிய வினைலில் இரண்டு ஜோடி தைத்தேன். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. அவன் கெண்டைக்கால் அளவை யாரிடமும் கேட்கவில்லை. கத்தரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஐம்பது வயசுல இது தேவையா உனக்கு?

ஏன் பிரிந்தோம் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. குடி இல்லை, வேறு பெண் இல்லை, அடி இல்லை. வீட்டுக்குள் வந்தால் அவன் வாயில் கொழுக்கட்டை. உப்பு போதுமா என்று கேட்டால் தலையாட்டுவான். என் அப்பா செத்தபோதும் தலையாட்டினான். ஆனால் காயலில் இறங்கிவிட்டால் அதே ஆள் நாள் முழுக்கப் பேசுவான். மீனைப் பற்றி மட்டும் இல்லை. சின்ன வயதில் நாய் கடித்தது, மகளை நினைத்துப் பயம், எல்லாம். பின்னால் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல். முழங்கால் தண்ணீரில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி. கரையேறினால் வாடகைக்கு இருக்கிற இரண்டு பேர். கடைசியில் ஒரு நாள், வேலை ஹார்லிஞ்சனில் இருக்கும்போது இங்கே ஏன் வந்து போகிறாய் என்று கேட்டேன். அதற்கும் தலையாட்டினான். போய்விட்டான்.

அக்டோபர் 9, ஞாயிறு

போனில் திட்டம் போட்டோம். சனிக்கிழமை பதினைந்து. அதற்கடுத்த செவ்வாய்க்கு வாடைக்காற்று இறங்கும் என்கிறார்கள், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். விடியும்போது துறைமுகத்தில். படகு அவனுடையது. சாப்பாடு என்னுடையது. இடம்?

"பழைய இடந்தான்" என்றான். உடைந்த குடிசைக்குத் தெற்கே இருக்கிற திட்டு. அந்த இடத்தை நாங்கள் பெற்ற மகளுக்குக்கூடச் சொன்னதில்லை.

எட்டு நிமிடம் பேசினான். போனில்!

அக்டோபர் 13, வியாழன்

யெசேனியா கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. சர்ச் மைதானத்தில் ஒரு மணி நேரம் வீசிப் பார்த்தேன். ஐம்பதடி போகிறது, கை மறக்கவில்லை. காரில் திரும்பி வரும்போது வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்: கேட்டால் சரி என்று சொல்லு. வீட்டில் பேசாவிட்டால் போகட்டும். யார் வீட்டில் எல்லாமே இருக்கிறது?

புதுச் சட்டை வாங்கியிருக்கிறேன். வெளிர் நீலம், மீனுக்குக் கண்ணில் படாது என்று கடைக்காரி சொன்னாள். மீனுக்காக வாங்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அக்டோபர் 14, வெள்ளி

சொரீஸோக் கறியும் முட்டையும் வைத்து மடித்த ஆறு டாக்கோ. தண்ணீர். தொப்பி. கவசம் இரண்டு ஜோடி. கோல் ஒன்று.

அக்டோபர் 15, சனி

வந்து சேர்ந்துவிட்டேன். அவன் தனக்கென்று ஒரு கோல் கொண்டுவந்திருந்தான். நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். கவசத்தைக் கொடுத்தேன், மாட்டிப் பார்த்தான், ஒரு விரல் தளர்வாக இருந்தது. நன்றி சொன்னான். இருபத்திரண்டு வருடத்தில் கேட்காத வார்த்தை. அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது. பிறகுதான் படகின் ஓரத்தில் அந்தப் புதுக் கோலைப் பார்த்தேன். "உன் நாளை நான் கெடுக்கக் கூடாதுல்ல" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

திட்டு அப்படியே இருக்கிறது. மடவை மீன்கள் துள்ளின, இளஞ்சிவப்புக் கரண்டிவாயன் பறவைகள் நான்கு நின்றன. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தோம், திருக்கை விலகிப் போகட்டும் என்று. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவே நூறடித் தண்ணீர். இரண்டு மணி நேரம். என் காலடியிலிருந்து மீன்கள் சேற்றைக் கிளப்பிக்கொண்டு ஓடின, ஓடிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் அவனுக்கு மீன் தெரிந்தது, ஆனால் அவன் வீசின வீச்சு பக்கெட் தண்ணீரைக் கொட்டின மாதிரி விழுந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

பத்து மணி வெயில் முதுகுக்கு வந்ததும் அவன் தன் கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். என் வலது தோளுக்குப் பின்னால் நின்றான்.

"பதினோரு மணி. அம்பதடி. ரெண்டு மீன், பெருசு பின்னால வருது. இரு… இரு… இப்ப."

எனக்கு எதுவும் தெரியவில்லை. அவன் குரலை நம்பி வீசினேன். தண்ணீர் வீங்கியது, கயிறு இறுகியது. மற்றது எல்லாம் கைக்குத் தெரியும். இருபத்தாறு அங்குலம். செம்பு நிறம், வால் அடியில் கறுப்புப் பொட்டு. நான் கொக்கியை எடுத்தேன். அவன் குனிந்து இரண்டு கையாலும் மீனைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, அதற்கு மூச்சு திரும்பக் காத்திருந்தான். என் வாழ்க்கையிலேயே இதைவிட நல்ல நிமிடம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மீன் போனது. அவன் நிமிரவில்லை.

"லிண்டா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

டெல்ஃபினாவாம். ஹார்லிஞ்சனில் பள்ளி நூலகம் பார்க்கிறவள், விதவை. கோயில் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து இருக்கமாட்டாள், பூசையில் நற்கருணை வாங்குவதையும் விடமாட்டாள். கோர்ட் கொடுத்த விவாகரத்து அதற்குப் போதாது, எங்கள் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று திருச்சபை தீர்ப்புச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு படிவம் வருமாம்.

"உங்கப்பா என்னைத் தேடி வந்த அன்னிக்கு என்ன நடந்ததுன்னு உனக்குத்தான் தெரியும். வேற யாரும் உசுரோட இல்ல."

பொய் எழுதச் சொல்கிறாயா என்று கேட்டேன்.

"இல்ல. எது நெசமோ அத எழுது. நெசம் எனக்கு எதிரா இருந்தாலும் சரி."

இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய் என்றேன். கரையிலேயே சொல்லிவிட நினைத்தானாம். இரண்டு தடவை என் வீட்டு வாசல்வரை வந்தானாம். வாய் வரவில்லையாம்.

வரும், இங்கேதானே வரும் உனக்கு. எனக்குத் தெரியாதா? நான்தான் முட்டாள். நீலச் சட்டை வேற!

டாக்கோ ஆறும் படகில் அப்படியே இருந்தன.

அக்டோபர் 18, செவ்வாய்

வாடை இறங்கிவிட்டது. ஜன்னல் எல்லாம் அடித்துக்கொள்கிறது. யெசேனியா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அக்டோபர் 29, சனி

படிவம் வந்தது. நல்ல கனமான காகிதம்.

யெசேனியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிகிறவரை 'ம்' மட்டும் போட்டாள், அப்பன் மகள். பிறகு கேட்டாள்: "செல்லாதுன்னு ஆச்சுன்னா நான் யாரும்மா?" தீர்ப்பு பிள்ளைகளைத் தொடாது, அதை அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டது அதைப் பற்றி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நவம்பர் 5, சனி

இன்னும் எழுதவில்லை. "நினைவில்லை" என்று எழுதிவிட்டால் போதும். பாவமும் இல்லை, லாபமும் இல்லை. அவன் கோரிக்கை சாட்சி இல்லாமல் நிற்கும். அப்புறம் டெல்ஃபினா எத்தனை நாள் காத்திருப்பாள்?

இதை எழுதுகிற கை என்னுடையதுதானா?

நவம்பர் 12, சனி

எழுதிவிட்டேன்.

முப்பத்திரண்டு வருடமாக எல்லோரிடமும் அவன் தானாக வந்து பெண் கேட்டான் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். யெசேனியாவிடமும் அப்படித்தான். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. நடந்தது இதுதான். நான் அப்போது மூன்று மாதக் கர்ப்பம். அப்பாவும் என் இரண்டு மாமாக்களும் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. வாசலில் வைத்து அப்பா அவனிடம் இரண்டே வாக்கியம் பேசினார். அடுத்த சனிக்கிழமை கோயிலுக்கு வா. வராவிட்டால் இந்த ஊரில் நடமாட மாட்டாய். அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அவன் வேண்டும். பேசாமல் இருந்தேன். அவன் தலையாட்டினான்.

கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் இதைத்தான் எழுதினேன். அவன் சுயமாகச் சம்மதித்தானா? இல்லை. வற்புறுத்தல் இருந்ததா? இருந்தது. அது உங்களுக்குத் தெரியுமா? தெரியும், நான் அங்கே இருந்தேன்.

என்னிடம் கேட்டதெல்லாம் கல்யாண நாளோடு நின்றுவிட்டது. கடைசிப் பக்கத்தில் வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று பாதிப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்:

"அதற்குப் பிறகு பதினாறு வருடம் அக்டோபர்தோறும் அவன் என்னோடு காயலில் இறங்கினான். அதற்கு யாரும் அவனை மிரட்டிக் கூட்டி வரவில்லை."

கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.