மழை சொல்லும் தாள்

10.9.1982
எழுத்து கோணல்மாணலாக விழுகிறது. பொறுத்துக்கொள்ளணும் – யாரிடம் சொல்கிறேன்? என்னிடம்தான். இத்தனை வயதுவரை கலப்பை பிடித்த கை பென்சிலை முறிக்கப் பார்க்கிறது. ஆனாலும் எம்புட்டு சந்தோஷம்!

முதியோர் வகுப்பில் பாக்கியம் டீச்சர் ஒரு உப்பைக் கரைத்தார். ரோஸ் தண்ணீர். அதில் தாளை நனைத்து அரிக்கேன் விளக்குக்கு மேலே காட்டினார். காயக் காய நீலமாகிவிட்டது! பலகையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டேன்: கோபால்ட் குளோரைடு.

“உப்பு ஒண்ணுதான்யா. ஆறு பங்கு தண்ணி ஒட்டியிருந்தா ரோஸ், ரெண்டு பங்குன்னா ஊதா, சுத்தமாக் காஞ்சா நீலம். காத்துல ஈரம் ஏறினாத் தானா மாறும். வாயில வச்சுராதீங்க, விஷம்.”

எனக்கும் ஒரு தாள் கொடுத்தார். வீட்டில் விதைப்பானைக்கு மேலே தொங்கவிட்டேன்.

17.9.1982
நீலம்.

24.9.1982
நீலம்தான். பானையில் இருக்கும் சோளம்தான் கடைசி விதை. இதுவும் போனால் வேறில்லை. மகன் பேச்சிமுத்து விதைத்துவிடத் துடிக்கிறான். “தாள் செவக்கட்டும்டா” என்றேன்.

என் வீட்டுக்காரி ஒச்சாயி சிரித்தாள். “வானத்தப் பாத்து வெதைச்ச மனுசன், இப்பக் கடுதாசியப் பாத்து வெதைக்கப் போறாராக்கும்!” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

1.10.1982
சிவந்துவிட்டது! காட்டிலிருந்து வந்து கதவைத் திறந்தால், தாள் ரோஸ்! வீடெல்லாம் நொச்சி வாசம். ஒச்சாயி வியர்த்துப்போய்ப் போர்வைக்குள் கிடந்தாள்.

“செவந்துருச்சுய்யா!” என்று பேச்சிமுத்து கத்தினான். பானையைக் கவிழ்த்து, பொழுது சாய்வதற்குள் விதைத்துவிட்டோம்.

5.10.1982
தூறல். புழுதி அடங்கியது, அவ்வளவுதான். தாள் மறுபடி நீலம். ஏன்?

11.10.1982
முளைத்ததெல்லாம் கருகிவிட்டது.

12.10.1982
ஒச்சாயி மறுபடி ஆவி பிடித்தாள். கதவைச் சாத்தி, நொச்சித் தண்ணீர்ப் பானையோடு போர்வைக்குள் உட்கார்ந்தாள். ஆவி மேலே ஏறியது. என் கண் முன்னே தாள் ஊதாவாகி, ரோஸாகிவிட்டது. வெளியே வெயில் கொளுத்துகிறது!

“ஏன் இப்படிப் பாக்குறீக?”

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

டீச்சரிடம் கேட்டேன். “தன்னைத் தொடுற ஈரம்தான்யா அதுக்குத் தெரியும். வானம் தெரியாது” என்றார்.

15.10.1982
பேச்சிமுத்து கப்பலூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். தாயிடம் மட்டும் “வாரேன்” என்றான்.

22.10.1982
ஒச்சாயி ஆவி பிடிக்க மாட்டேன் என்கிறாள். “நான் ஆவி பிடிச்சுத்தான வெதை போச்சு?” என்கிறாள். மூச்சு இழுக்கிறது. பாவி, தாளை நம்பினது நான்தானே!

29.10.1982
தாளைக் கழற்றி டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். நொச்சி ஒடித்து, நானே வெந்நீர் வைத்தேன்.

“இப்பத் தாளு இல்ல. மூடிக்கிட்டு உக்காரு.”

சுவரைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்: “வெளிய என்ன சத்தம்?”

மழை. நல்ல மழை. கவிழ்த்த பானை கவிழ்த்தபடியே கிடந்தது.

“மழைதான். நீ தலையத் தூக்காத” என்றேன்.

அடுத்த வாரம் கப்பலூர் போய் மகனைப் பார்க்கணும். பேசினானா இல்லையா என்பதை வந்து எழுதுகிறேன்.