உன் புடவையோடு வண்டி ஏறுகிறேன்

என் உயிரான ராஜி அக்காவுக்கு,

நீ விட்டுப் போன வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் மாமியாருக்கு வெற்றிலை குறையவில்லை. உன் மகள் என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். வாய் தவறிச் சித்தி என்றால் தலையில் குட்டு விழுகிறது.

உன் கருமாதிச் சோறு செரிப்பதற்குள் பெண் கேட்டு வந்துவிட்டார்கள், அக்கா. "சொந்தத் தங்கச்சி இருக்கசொல்ல கொயந்தைக்கு இன்னாத்துக்கு வெளிய ஆள் தேடணும்?" என்றாள் அத்தை. நைனா தலையை ஆட்டிவிட்டார். அப்படித்தான் உன் புருஷனுக்கு நான் பெண்டாட்டி ஆனேன். இன்னமும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.

கர்ப்பிணிகளைப் பார்க்கும் வண்டி இப்போதும் உத்திரமேரூரிலிருந்து வருகிறது. குளக்கரையில் நின்று ஹாரன் அடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் அத்தை உன்னை நெல் அறையில் தள்ளிக் கதவைச் சாத்துவாளே, மறந்திருக்க மாட்டாய். முன்பு ஊர் ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போன குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேசன் வண்டிதான் பெயிண்ட் மாற்றி வருகிறதாம். பேரன் பிறக்கும் முன்பே உன் கருவை அறுத்துவிடுவார்களாம். "வீட்ல கர்ப்பிணி யாராவது இருக்காங்களா?" என்று நர்சம்மா கேட்டதும், "இங்க யாரும் இல்லம்மா" என்று அத்தை சொன்னதும் உள்ளே உனக்குக் கேட்டதாமே. என்னிடம் சொல்லிச் சிரித்தாய். எப்படிச் சிரித்தாய், அக்கா? கால் வீங்கி மெட்டி விரலுக்குள் புதைந்திருந்ததே.

ஜன்னி கண்டு நீ துடித்தபோது பேய் என்றார்கள். பூசாரி வேப்பிலையால் உன்னை அடித்தார். வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாய். ஆண் பிள்ளை. அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், அதற்காக.

இப்போது எனக்கு எட்டாம் மாதம். அதே வீக்கம், அதே தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது. நேற்று அத்தையிடம், "பயமா கீது அத்த" என்றேன். முறத்திலிருந்து நிமிராமல் பதில் சொன்னாள்.

"இன்னாத்துக்குடி பயப்படற? உனுக்கு ஒன்னு ஆயிட்டாலும் கொயந்த அநாதையா நிக்காது. அதான் உன் சின்னத் தங்கச்சி கீறாளே."

கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். நம் கற்பகம் இன்னும் ரிப்பன் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், அக்கா!

இன்று காலை ஹாரன் கேட்டது. அத்தை நெல் அறையைக் கைகாட்டிவிட்டு வாசலுக்குப் போனாள். "இங்க யாரும் இல்லம்மா" என்று அவள் சொல்லும்போதே நான் பின்னால் போய் நின்றேன். நர்சம்மா என் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் அத்தையைப் பார்த்தாள்.

வண்டிக்குள் டாக்டரம்மா என் கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்தார். அக்கா எப்படிச் செத்தாள் என்று கேட்டார். சொன்னேன். "உனக்கும் அதே ஆபத்துதான். வீட்ல பிரசவம் வேண்டாம். பக்கத்து ஊர் பார்த்துட்டு உடனே திரும்பி வரேன், செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துடறேன்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா இந்த வூட்டுப் படி ஏறாத" என்று அத்தை கத்திக்கொண்டிருக்கிறாள். மாமா மாட்டைக் குளிப்பாட்டப் போய்விட்டார். நீ துடித்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

மூட்டை கட்டிவிட்டேன். உன் பச்சைப் புடவையைத்தான் கட்டியிருக்கிறேன்; உன் புருஷனோடு அதையும் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் செத்தால் இதை உதறிக் காயவைத்துக் கற்பகத்துக்கு எடுத்து வைப்பார்கள். அதனால் நான் சாக மாட்டேன், அக்கா. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. ஹாரன் கேட்கிறது.

உன் இடத்தில் உட்காரவைக்கப்பட்ட,
உன் தங்கை சரோஜா