ஐந்தும் நின்ற வாரம்

மதினி,

இன்றைக்குத் தபாலில் ஒரு சிடி வந்தது, உங்கள் பெயருக்கு. "அக்காதேன் இல்லையே, திருப்பி அனுப்பிரவா?" என்று தபால்காரர் தயங்கினார். "எதுக்கு? குடுங்க" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸின் புதுப் பதிப்பு. வெளிநாட்டிலிருந்து இலவசமாக அனுப்புகிறார்களே, அதுதான். நான்தான் உங்கள் பெயரில் கேட்டிருந்தேன். எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது; அதற்காகப் பெயரை மாற்ற எனக்கு மனசில்லை.

இதே மாதிரி முன்னொரு சிடி வந்த வாரத்தை நான் மறப்பேனா?

புருஷன் வீட்டை விட்டுக் காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பி வந்தவர் நீங்கள். கம்பம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஐந்து கம்ப்யூட்டர் போட்டுக் கடை வைத்தீர்கள். நான் கூடமாட இருந்து டைப் அடித்தேன். உங்கள் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "கடை ஓடுற வரைக்கும் இங்கன இருக்கட்டும். ஓடலைன்னா அவுக வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்."

புதுப் பதிப்பில் தமிழ் எழுத்து உடையாமல் வரும் என்று கேள்விப்பட்டதும் உங்களுக்குக் கை பரபரத்தது. "ஒரு மெஷின்ல மட்டும் போட்டுப் பார்ப்போம் மதினி" என்றேன். கேட்டால்தானே! "நடவுன்னா ஒரே நாள்ல முடிக்கணும்த்தா. பாதி வயலு முந்தி, பாதி வயலு பிந்தின்னா தண்ணி எப்பிடிக் கட்டுறது?" சம்சாரி வீட்டுப் புத்தி எங்கே போகும்? சாயங்காலத்துக்குள் ஐந்திலும் ஏற்றிவிட்டீர்கள்.

மறுநாள் ஐந்தும் நின்றன. இருபது நிமிஷம் ஓடும், அப்புறம் திரை அப்படியே உறைந்துபோகும். மவுஸை உருட்டினாலும் அசையாது. அணைத்துத்தான் போட வேண்டும். காலேஜ் பெண் ஒருத்தி "ஐயோ, என் பதினோரு பக்கம்!" என்று அலறிவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். உங்கள் தம்பி வந்து குதித்தார். "ஓசில வந்ததோட லட்சணம் இதுதேன். பழசையே போட்டுத் தொலைங்க."

"பழசுக்குத் திரும்புறதுக்கா இம்புட்டுப் பாடு? ஏன் நின்னுச்சுன்னு அதுவே எழுதி வைக்கும்டா. படிச்சுட்டுச் சொல்றேன், போ."

லாக் என்கிற அந்தக் குறிப்புக் கோப்பை வரிவரியாக நோட்டில் எழுதினீர்கள். ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் திரையை இயக்கும் டிரைவர் என்ற நிரலின் பெயரே வந்தது. விவரம் தெரிந்தவர்களிடம் இணையத்தில் கேட்க வேண்டும், அதுவும் இருபது நிமிஷத்துக்குள். நான் நோட்டைப் பார்த்து வாசிக்க, நீங்கள் உங்கள் ஓட்டை இங்கிலீஷில் தட்ட, அனுப்பி முடிக்கவும் திரை நிற்கவும் சரியாக இருந்தது.

பதில் வருவதற்குள் உங்கள் மாமனார் வந்துவிட்டார், இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு. யார் சொல்லி அனுப்பியது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்த ஆளோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். "மெஷினெல்லாம் நின்னு போச்சாமே. இன்னும் என்ன வீம்பு? கெளம்புத்தா" என்றார் மாமனார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு திரை நின்றது.

நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "இந்த மெஷினு அஞ்சு நாளா நிக்கிது மாமா. ஏன் நிக்கிதுன்னு அஞ்சு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். உங்க வீட்ல ஒம்பது வருசம் இருந்துட்டு வந்தேன். ஏன் வந்தேன்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா?"

மாமனார் தலை குனிந்தார் என்று எழுத ஆசைதான். எங்கே குனிந்தார்? "பொம்பளைக்கு இம்புட்டு வாய் ஆகாது" என்று எழுந்து போனார். போகட்டும்.

இரண்டு நாள் கழித்து, முகம் தெரியாத யாரோ பதில் போட்டிருந்தார்: அந்த டிரைவரை விட்டுவிட்டுச் சாதாரணமானதைப் போடு, ஒரு வரியை மாற்றினால் போதும். இந்தத் தடவை ஒரே ஒரு மெஷினில் மட்டும் மாற்றினீர்கள். படம் கொஞ்சம் மெதுவாக வந்தது, ஆனால் சாயங்காலம் வரை நிற்கவில்லை. "ஏத்தா, இப்ப நடவப் போடலாம்" என்று சிரித்தீர்கள்.

ஆனால் மதினி, நீங்கள் மாமனாரைக் கேட்ட கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. ஒரே அடுப்பில் உங்களோடு சமைத்த நானும் அதுவரை கேட்டதில்லையே. வெட்கமாக இருந்தது. அன்றைக்குக் கடை சாத்தும் முன் கேட்டேன். சொன்னீர்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை, மறக்கப்போவதும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், "புருசன் வீட்ல இருந்திருந்தா இப்பிடிப் போயிருக்க மாட்டா" என்றபோது என் வாயை யாராலும் அடைக்க முடியவில்லை.

போன வாரம் என் தங்கை, புருஷன் வீடு இருக்கும் போடியிலிருந்து ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவளைத் தேடி அப்பாவும் அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அப்பா. "பொம்பளைதேன் அனுசரிச்சுப் போகணும்" என்றாள் அம்மா. என் வீட்டுக்காரர் போடி பஸ் எத்தனை மணிக்கு என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். தங்கை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏன் வந்த? மொதல்ல இருந்து சொல்லு" என்றேன்.