ஒரே ஈற்றுக் குட்டிகள்

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

புது வேலை பிடித்திருக்கிறதா? ஆய்வகத்தில் உங்கள் மேசை இப்போது என்னுடையது.

நேரில் என்றால் எனக்கு வாயே வராது, அதனால் எழுதுகிறேன். எலியின் மரபணுக்களோடு காலங்காலமாக ஒட்டிக்கிடக்கும் பழைய வைரஸை ஒரு புரதம் அடக்கி வைக்கிறது, அதை நீக்கினால் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும்போது அவற்றில் வைரஸ் விழித்துக்கொள்கிறது என்றுதானே நம் கட்டுரையில் எழுதியிருக்கிறோம்? கடைசிப் படத்துக்காக அந்தச் சோதனையை மறுபடி செய்தேன். ஒப்பிடுவதற்கு நீங்கள் வெளியே வாங்கிய எலிகளை விட்டுவிட்டு, புரதம் நீக்கிய எலிகளோடு ஒரே ஈற்றில் பிறந்த சாதாரணக் குட்டிகளை எடுத்தேன். இரண்டிலும் வைரஸ் ஒரே அளவுக்கு விழித்திருக்கிறது. வாங்கிய எலிகள் வேறு வம்சம். அவற்றில் அந்த வைரஸே கிடையாதோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

ஜூன் 9

ஊமைக்கு,

பேசத் தெரியாதவளுக்கு எழுத மட்டும் நன்றாக வருகிறதே! அந்தக் கூண்டு நாற்றத்தில் வருடக்கணக்காகக் கிடந்தவள் நான். பைப்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இதை எங்க அமுக்கணும்?" என்று முழித்தவள் நீ. செல்களைச் சரியாகத் தூண்டியிருக்க மாட்டாய்.

ஒரே ஈற்றுக் குட்டிகள் போதவில்லை, அதனால் வாங்கினேன். யாரும் கேட்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கட்டுரையில் உன் பெயர் இருக்கும். உன் வீட்டிலேயே முதல் பட்டதாரி, உன் அப்பாவிடம் பெருமையடித்திருப்பாய். யோசித்துக்கொள்.

அக்கா

ஜூன் 16

மதிப்பிற்குரிய முனைவர் அவர்களுக்கு,

சரியாகத் தூண்டாமல் இருந்தால் இரண்டிலும் வைரஸ் தூங்கியிருக்கும். இரண்டிலும் விழித்திருக்கிறது. வாங்கிய எலிகளின் மரபணுவையும் பார்த்துவிட்டேன். அந்த வைரஸ் அவற்றில் இல்லை. இல்லாததை எந்தப் புரதம் அடக்கும்?

அப்பாவிடம் போனில், "கட்டுரையில என் பேரு வராதுப்பா," என்றேன்.

"யாரும்மா எடுத்தாங்க?"

"நானேதான் எடுக்கச் சொல்லப்போறேன்."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா," என்றார்.

இன்று நம் பேராசிரியரின் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் பேசாமலே திரும்பிவிடுவேன் என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் காட்டினேன்.

"இது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். பதில் எழுதியிருக்காங்க."

கையை நீட்டினார். உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

நாளைக் காலை உங்களைக் கூப்பிடுவார். போனை எடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி