செம்பு பிடித்த கை

பம்பாய்
14.7.1958

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, மகன் வேல்சாமி வணங்கி எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகந்தானா? குற்றாலத்தில் இந்த வருஷம் சாரல் நன்றாக விழுகிறதா? அம்மாவின் மூட்டுவலிக்கு ஈரம் ஆகாது, அருவிப் பக்கம் விடாதீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. போன வாரம் ஹோட்டலில் சாம்பார் ஊற்றும்போது கை நடுங்கி, சாப்பிட வந்தவர் சட்டையில் கொட்டிவிட்டேன். "குடிச்சிருக்கியா? வாயை ஊது" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் முகர்ந்து பார்த்தார். வாடை இல்லை. ஆனாலும் மாவாட்ட அனுப்பிவிட்டார். அதுவும் நல்லதுதான். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றும்போது கை நடுங்குவது யாருக்கும் தெரியாது.

தர்ம ஆஸ்பத்திரியில் காட்டினேன். "இது சாராயத்தால வந்ததில்லை. சில குடும்பத்துல பரம்பரையா வரும். உங்க அப்பாவுக்கு உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

தென்காசியில் அக்கா வடிவம்மாள் கல்யாணத்தன்று, தாரை வார்க்கச் செம்பைப் பிடித்த உங்கள் கை நடுங்கியது. நான்தான் உங்கள் வாயை முகர்ந்து பார்த்தேன். "நான் குடிக்கலைலே, நம்புலே" என்றீர்கள். நான் செம்பைப் பிடுங்கிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அன்றைக்கு நீங்கள் பந்தியில்கூட உட்காரவில்லை.

தலைவழியாக மாட்டுகிற சட்டை இரண்டு தைத்து அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். பொத்தான் போட ரொம்ப நேரம் பிடிக்கிறது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம்.

நான் குடிக்கவில்லை, அப்பா.

வேல்சாமி