கத்தார் நேரத்துக்குத் திரும்பிவிடும் போன்

மாமா,

நீங்கள் நெற்றியில் பூசும் தைலம் உங்கள் போனின் உறையில் இன்னும் மணக்கிறது. அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த உங்கள் மகள் அதை எடுத்து என் கையில் தந்தாள். சார்ஜில் போட்டேன், உயிர் வந்தது. பள்ளிவாசலில் பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள், இதிலோ பகல் சோறு தின்னும் நேரம் காட்டுகிறது. அதே இரண்டரை மணித்தியாலம் பின்னால். மௌத்தாகி மண்ணுக்குள் போயும் என்னை விடமாட்டீர்கள் போல என்று வாய்க்குள் சொன்னேன். உங்கள் மகளுக்குக் கேட்டிருக்கும். அவள் திரும்பிப் பார்க்காமல் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கத்தாரிலிருந்து மச்சான் ஆள்வசம் அனுப்பிய போன் அது. வந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் காட்டினீர்கள். "மகன் தந்தது" என்று சொல்லும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பீர்கள். நான் அட்டாளைச்சேனையிலிருந்து உங்கள் மகளைக் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தவன். நம் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் என்னை வெட்கப்பட வைக்க உங்களால் முடிந்தது.

காலையில் நான் சம்மாந்துறை அரிசி மில்லுக்கு வெளிக்கிடும்போது கூப்பிடுவீர்கள். "மருமகன், இஞ்ச வாங்க. மணி பிழைச்சிட்டு." வாங்கிப் பார்ப்பேன். தானாக நேரம் எடுக்கும் பொத்தான் நின்றுபோயிருக்கும், நேரம் கத்தாருக்குப் போயிருக்கும். திரும்பக் கொழும்பு நேரத்துக்கு மாற்றி, ஒருமுறை அணைத்துப் போட்டு, நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் தருவேன். அடுத்த நாள் காலையில் பழையபடி கத்தார். முன்ஹோலில் யாராவது இருந்தால் உங்களுக்கு இன்னும் கொண்டாட்டம். "மில்லில மூட்ட எண்ணுற ஆள். ஒரு மணிக்கூட்ட நேராக்கத் தெரியல்ல," என்பீர்கள். வந்தவர்கள் சிரிப்பார்கள். தேத்தண்ணி கொண்டுவரும் உங்கள் மகள் குனிந்த தலையோடு உள்ளே போவாள். நான் சேர்ந்து சிரித்த நாட்களும் உண்டு. சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு கதை சொல்வீர்கள்.

அந்த நோன்பு மாதத்தை நான் மறக்கவில்லை. மாமி மௌத்தான பிறகு வந்த முதல் நோன்பு அது. விடியுமுன் சஹர்ச் சோறு தின்ன இந்த வீடு உங்கள் போனில்தான் எழும்ப வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தீர்கள், மகன் தந்த போனாயிற்றே. படுக்கும்போது நான் நேரத்தைச் சரிபார்த்துத் தந்தேன். ஆனால் விடியப்புறம் அலாரம் அடிக்கவேயில்லை. சுபஹுப் பாங்கில்தான் கண் விழித்தோம். சட்டியில் சோறும் கறியும் அப்படியே இருக்க, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு தொடங்கிவிட்டது. உங்கள் மகளின் வயிற்றில் அப்போது எங்கள் மூத்தவள். நோன்பை விடு என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. பகல் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளுச் செய்யப் போனவள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்து நோன்பை விட வைத்தார்கள். நீங்கள் கதவடியில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னீர்கள், "பிள்ளத்தாச்சியப் பட்டினி போட்டுட்டான். இவனுக்கு ஒரு மணிக்கூடு நேராக்க வக்கில்ல."

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடக்க நாள் பிடித்தது.

அடுத்த நாளே அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு கல்முனை மெயின் வீதியில் கடை கடையாக ஏறினேன். ஒருவர் பற்றரியை மாற்றினார். இன்னொருவர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய்ப் போட்டார். ஒரு கிழமையில் திரும்பக் கொண்டுபோனபோது அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "இதில ஒரு பிழையும் இல்ல. ஆரோ கையால மாத்துறாங்க."

நான் உங்களை நினைக்கவே இல்லை, மாமா. போனில் எதையும் தொடத் தெரியாது, பச்சையை அமத்தவும் சிவப்பை அமத்தவும் மட்டும்தான் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தீர்களே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்மேல் சந்தேகப்பட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், உங்கள் மகள்மேலும் ஒருநாள் சந்தேகப்பட்டேன்.

மழை பிடித்து மில்லை நேரத்தோடு பூட்டிய ஒரு நாள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கட்டிலில் மூக்குக்கண்ணாடியோடு இருந்தீர்கள். உங்கள் பெருவிரல் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் உள்ளே உள்ளே போனது. தானாக எடுக்கும் நேரத்தை நிறுத்தியது. நாடுகளைத் தள்ளித் தள்ளிக் கத்தாரைத் தொட்டது. பிறகு அந்தப் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு சாய்ந்தீர்கள்.

"மாமா, நீங்கதானா மாத்துற?"

பதறுவீர்கள் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிக்கூட வைக்கவில்லை.

"ஓம். சுபஹு தொழுதிட்டு ஒருநாள் மகனுக்குப் போன் எடுத்தன். அங்க நடுச்சாமமாம், நேரம் பாத்து எடுக்கத் தெரியாதா எண்டு ஏசினான். இதப் பாத்தா அவன்ட நேரம் தெரியும்."

"அப்ப ஏன் என்ன ஏசினீங்க?"

அதுவரை எனக்கு 'நீங்க' போட்டுக் கதைத்த நீங்கள், அன்றைக்கு அதையும் விட்டீர்கள். "அவன ஏசினா அவன் போன எடுக்க மாட்டான். நீ எங்க போற?"

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. என் வாப்பாகூட. ஆனாலும் கேட்டேன், இரண்டு ஊர் நேரத்தையும் ஒரே முகப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், வைத்துத் தரவா என்று. "இந்த ஊர் நேரம் எனக்கு என்னத்துக்கு?" என்றீர்கள். மாமி இல்லாத வீடு, மகன் இல்லாத வீடு. நானும் உங்கள் மகளும் இருந்த வீடு என்பது உங்கள் கணக்கில் வரவேயில்லை.

அதோடு நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் சொறிக்கல்முனையிலிருந்து நெல் விஷயமாக இரண்டு பேர் வந்திருக்க, "மருமகன், மணி பிழைச்சிட்டு, இஞ்ச வாங்க," என்றீர்கள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். வாங்கினேன். சரியாக்கித் தந்தேன். பின்னேரம் நீங்கள் கெடுத்தீர்கள். உண்மையைச் சொன்னால் உங்கள் மகளின் முகம் என்னாகும் என்று பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. அப்படியே இரண்டு பெருநாட்கள் போயின. மச்சான் எடுத்தது எப்போதாவது ஒருதரம். அதிலும் பாதி நேரம், "வாப்பா, பிறகு கதைக்கிறன்."

ஒரு விடியப்புறம் சுபஹுத் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்த சுஜூதிலேயே போனீர்கள். அப்படியொரு மௌத்து யாருக்குக் கிடைக்கும் என்று ஊர் சொன்னது. உங்களைப் போன்ற ஆளுக்குக் கிடைத்ததே என்று நான் நினைத்தேன். மச்சானுக்கு எத்தனையோ தடவை எடுத்தோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைத்தளத்தில் போனை வாங்கி வைத்திருப்பார்கள் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். ஜனாஸாவை வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, அசரோடு தொழுவித்தோம். கபுறுக்குள் உங்களை வாங்கி வைத்த கைகளில் என் கையும் ஒன்று. மகன் நிற்க வேண்டிய இடம் அது.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது உங்கள் போன் அடித்தது, நான் எடுத்தேன். மச்சான். குரலில் நித்திரை இருந்தது. இரவு வேலை முடித்துப் படுத்திருக்கிறார், நாங்கள் எடுத்ததை இப்போதுதான் கண்டாராம். நாங்கள் அனுப்பியிருந்த செய்தி எதையும் அவர் திறந்து பார்க்கவில்லை.

"என்ன மச்சான், இவ்வளவு தரம் எடுத்திரிக்கீங்க? அங்க இப்ப என்ன நேரம்?"

அத்தனை வருசம் அங்கே இருந்த மனிசனுக்கு, தன் வாப்பா இருக்கும் ஊரில் என்ன நேரம் என்று தெரியவில்லை. மெல்லச் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. பக்கத்தில் உங்கள் மகள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், அவளிடம் கொடுத்திருக்கலாம்.

"வாப்பாவ அடக்கிட்டு வந்த நேரம்," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது, பிறகு அழுகை. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுதையும் கேட்டேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது, மாமா. ஒரு முகச்சுருக்கமும் இல்லாமல் அப்படிச் சொல்ல உங்களைத் தவிர எனக்கு வேறு யார் படிப்பித்தார்கள்? அவர் இப்போது ஒவ்வொரு வெள்ளியும் எடுக்கிறார், மரியாதையாகக் கதைக்கிறார். அந்தச் சந்தோசம் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.